சொல்லிவைத்த டீச்சர்

என் மனைவியை ‘டீச்சர்’ என்று கூப்பிடும்படி கடைகடையாகப் போய்க் கெஞ்சியவன் நான். புத்தகம் படித்ததால் வந்த வினை.

போன வருடம் அவள் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றாள். மறுவாரமே, தெருவுக்குப் புதிதாக வந்த பூக்காரப் பெண் அவளைப் ‘பாட்டி’ என்றாள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பூவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தாள். மறுநாளும் அங்கேதான். கேட்டதற்கு மட்டும் பதில். ஆசிரமத்துக்கு வந்து, செங்கம் சாலையில் அறை எடுத்து ‘நான் யார்’ என்று விசாரிப்பவர்களைத் தினமும் பார்க்கிற ஊர்தான். ஆனால் அந்தக் கேள்வி வேங்கிக்காலில் நம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியுமா?

புத்தக அலமாரியைக் குடைந்தேன். பிறர் கண்களைக் கண்ணாடியாக வைத்துத்தான் நம்மை நாமே பார்த்துக்கொள்கிறோம் என்றது சமூக உளவியல். வகிக்கும் பாத்திரம் போனால் ஆளும் பாதி போய்விடுவார் என்றது இன்னொரு புத்தகம். முதலில் அவளுக்கே இதை விளக்கினேன். பாதியில் எழுந்துபோய்க் குக்கரை இறக்கினாள். சரி, கண்ணாடியைத்தான் துடைக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

மளிகைக்கடை பாய், தெருமுனை ஆட்டோக்காரர், பூக்காரப் பெண் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். ஆட்டோக்காரர் மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “வீட்ல சண்டையா சார்?” என்றார்.

பலன் அமோகம். பூக்காரப் பெண் முழத்துக்கு ஒரு ‘டீச்சர்’ போட்டாள். துவரம்பருப்பு கேட்டால் பாய் எழுந்து நின்றார். பௌர்ணமிக்கு நாங்கள் கிரிவலம் போனபோது, அந்த ஆட்டோக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து “டீச்சர், வணக்கம்” என்று குரல் கொடுத்தார். முன்னால் நடந்த நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் டீச்சர்களுக்கா பஞ்சம்.

அவள் நின்றுவிட்டாள். யார் சொல்லிவைத்தது என்று கேட்டாள். ஒப்புக்கொண்டேன். கோட்பாட்டையும் சொன்னேன், சூடு ஆறாத சாலையில் வெறுங்காலோடு நின்றதால் ரொம்பச் சுருக்கமாக.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். பாட்டி என்றது அன்றைக்கு வலிக்கத்தான் செய்ததாம். அப்புறம் பார்த்தால், மணி அடிக்காத காலையும் யாரையும் அதட்ட வேண்டாத வாயும் நன்றாகவே இருந்ததாம். வராந்தாவில் உட்கார்ந்து அதைத்தான் பழகிக்கொண்டிருந்தாளாம்.

“எனக்கு ஒண்ணும் ஆகலைங்க,” என்றாள். “இந்த ஊர்ல உங்களை டீச்சர் வீட்டுக்காரர்னுதான் எல்லாருக்கும் தெரியும். அது போயிடுமேனு நீங்கதான் பயந்துட்டீங்க.”