ஞாயிற்றுக்கிழமைக் காப்பிக்கு ஓர் இடம்

கோவில்பட்டி தபாலாபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பூப்பந்து ஆடப் போவது வழக்கம். கரிசலைத் தண்ணீர் தெளித்து இறுக்கிய மைதானம். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். நாலு பேர் மட்டும் பிரிய மனமில்லாமல் நிற்போம். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். மேலுதட்டையே மூடிவிட்ட மீசைக்காரர். இன்னொருவர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். மூன்றாமவர் பஞ்சாலையில் நூல் நூற்கும் பகுதியில் வேலை பார்த்த அண்ணாச்சி. நாலாவது நான்.

மதுவிலக்குக் காலம் அது. நாலு ஆண்கள் பொழுதுசாய உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் காப்பிக் கடையை விட்டால் வேறு கதியில்லை. ஒரு வாரம் ஒரு கடை என்று அலைந்தோம். ஒருநாள் வாத்தியார் சொன்னார்: "இனிமே ஒரே எடம். நமக்குன்னு ஒரு பெஞ்சு. எதுன்னு முடிவு பண்ணுங்க."

முடிவு பண்ணத்தான் முடியவில்லை. பஸ் நிலையத்துப் பக்கத்துக் காப்பி கிளப்பில் காப்பி மணமாக இருக்கும், ரேடியோவும் உண்டு. எங்கள் மூன்று பேருக்கும் பிடித்துப்போயிற்று. அண்ணாச்சி மட்டும், "காப்பியில சிக்கரி கூடுதலு" என்றார். சொன்னவர் டம்ளரில் சொட்டு மீதி வைக்கவில்லை. அடுத்த வாரம் ரயில் நிலையத்து எதிரில் இருந்த கடை. கூட்ஸ் வண்டிகள் கோத்துக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவே பஜ்ஜி தின்றோம். "பெஞ்சு ஆடுது" என்றார் அண்ணாச்சி. நான் ஆட்டிப் பார்த்தேன், கல்லுப்போல இருந்தது. மூன்றாவது, பாயின் சொந்தக்காரர் நடத்திய தேநீர்க்கடை. உள்ளே ஒரே ஒரு பல்பு, அதுவும் மங்கல். அங்கேயும் அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார்.

பாய் சிரித்தார். "அண்ணாச்சிக்கு நாக்கு நீளம். மாமியா வீட்டுக் காப்பியையே கொற சொல்லுத ஆளு."

எனக்கு அது நாக்கின் கோளாறாகத் தெரியவில்லை. ஒரு ஆள் காப்பியை ரசித்துக் குடித்துவிட்டு ஏன் குறை சொல்ல வேண்டும்? அன்று முதல் காப்பியை விட்டுவிட்டு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

எல்லோரும் சிரித்த பிறகு, ஒரு நொடி கழித்துத்தான் அவர் சிரித்தார். எங்கே போனாலும் எங்கள் மூன்று பேருக்கும் எதிரில்தான் உட்கார்ந்தார். ஒரு வாரம் வாத்தியார் அவரிடம், "மகளுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டார். "காரம் தூக்கலா இருக்கு" என்றார் அண்ணாச்சி, காராச்சேவுத் தட்டைத் தள்ளி வைத்தபடி. வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்து வாத்தியாரும் பாயும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் அவர் கண்கள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆட்டம் முடிந்து, அவர் மைதானத்து ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டை உதறிக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். நான் அவர் முதுகுப்பக்கம் நின்று, சாதாரணக் குரலில் சொன்னேன்: "அண்ணாச்சி, காலடியில தேளு."

கரிசல் காட்டில் அந்த வார்த்தைக்குத் துள்ளாத ஆள் கிடையாது. அவர் துண்டை மடித்தார். தோளில் போட்டார். என் நிழல் முன்னால் நகர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, நிக்கே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னதைச் சொன்னேன். அவர் முதலில் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"நூல் நூக்குற ரிங் பிரேமு சத்தத்துல பத்து வருசம், காது பாதிக்கு மேல போயிட்டு" என்றார். "மில்லுக்குள்ள ஒரு கொறையும் தெரியாது. அங்கன எவனுக்கும் எவன் பேசுறதும் கேக்காது, எல்லாம் கைச்சாடைதான். வெளிய வந்தாத்தான் கஷ்டம். ஒதட்டப் பாத்துப் புடிச்சிக்கிடுதேன். பாய்க்கு மேல மீச கெடையாது, அவிய பேச்சு முழுக்க வந்துரும். வாத்தியார் பேச்சுதான் பாதி மீசக் காட்டுக்குள்ள போயிருது."

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மொதல்ல சத்தம் போட்டுப் பேசுவீங்க. பெறவு ரெண்டு வார்த்தையில முடிச்சிக்கிடுவீங்க. பெறவு பேசவே மாட்டீங்க. எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு. நீயும் சொல்லிராத."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் அந்த வாரம் முழுவதும், வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றினேன். இப்போது எனக்குத் தேவை காப்பி அல்ல. சத்தமில்லாத இடம், முகத்தில் விழும் வெளிச்சம். பருத்தி வண்டிகள் வந்து இறங்கும் பேட்டைக்குப் பின்னால் அது கிடைத்தது. வண்டிக்காரர்களுக்காக ஒரு அக்கா நடத்திய கருப்பட்டிக் காப்பிக் கடை. ஞாயிற்றுக்கிழமை பேட்டைக்கு விடுமுறை, ஆகவே ஈ காக்காய் இராது, கடை மட்டும் திறந்திருக்கும். மேற்குப் பார்த்த வாசல். எதிரெதிராக இரண்டு பலகைகள்.

"இந்தக் கழுநீத் தண்ணியக் குடிக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தே?" என்றார் வாத்தியார், முதல் வாயிலேயே. உண்மைதான், காப்பி மோசம். நான் வெட்கமில்லாமல் பிரமாதம் என்றேன். அண்ணாச்சி மேற்கே முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் மூன்று முகத்திலும் பொழுதுசாயும் வெயில் அடித்தது. "காப்பி நல்லாத்தான இருக்கு" என்றார்.

பாய் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணி வாங்க வருகிறவர் வாய் திறக்குமுன்னே விருப்பம் அறிகிற வியாபாரி. ஒன்றும் கேட்காமல், "அப்ப இதுவே இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து வாத்தியார் மீசையை நறுக்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாயைத் தனியே இழுத்து, "நீங்க சொல்லிட்டீயளா?" என்று கேட்டேன்.

"நா என்னத்தச் சொன்னேன்? மீச காப்பியில நனையுது, பாக்கச் சகிக்கலன்னு மட்டும் சொன்னேன்."

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி எப்படிப்பட்ட பேச்சுக்காரர் என்பது எங்களுக்குத் தெரிந்தது. மில்லுக்குள் சண்டை போடுகிற இருவர் கைச்சாடையிலேயே எப்படித் திட்டிக்கொள்வார்கள் என்று நடித்துக் காட்டுவார். நூல் அறுந்தால் ஒரு சாடை, மேஸ்திரி வந்தால் ஒரு சாடை. கடைக்கார அக்கா கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள். ஒரு பேச்சு பிடிபடாவிட்டால் இப்போதெல்லாம் சிரித்துச் சமாளிக்காமல், "என்ன சொன்னீய, திருப்பிச் சொல்லுங்க" என்று நேராகவே கேட்டார். யாரும் குரலை உயர்த்தவில்லை. திருப்பிச் சொன்னோம், அவ்வளவுதான்.

மாற்றலாகி நான் போகிறவரை மூன்று வருஷம் அந்தப் பலகையில்தான் உட்கார்ந்தோம். வாத்தியாருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு ஓயாத ஆவல். கேட்டால் வாக்குத் தவறியதாகிவிடுமே என்று கடைசிவரை கேட்கவில்லை.