போனைத் தொடமாட்டேன் என்று அணைத்த சூடம்

எங்கள் தோட்டத்து ஆண்கள் கோவில் வாசலில் கூடி உட்கார்ந்து பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசினால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இதைக் கொஞ்சம் மரியாதையாக எழுதலாமே என்று பார்த்தேன். முடியவில்லை.

பதுளை டவுனில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் தையல் வேலை எனக்கு. காலையில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் டவுனுக்கு இறங்கினால் சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறித் தோட்டத்து லய வரிசையில் இருக்கும் வீட்டுக்கு வருவேன். கணவருக்குத் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரியில் வேலை. எங்களுக்கு ஒரே மகள். நான் சொல்லப்போகிற வருஷம் அவளுக்குப் பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை.

அதில் தேறி உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் லயத்திலிருந்து அதுவரை ஒரு பிள்ளையும் அதைப் படிக்கவில்லை. படிப்பதற்குச் சொல்லித்தர ஆள் வேண்டுமே! பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுத்த ஒரே வாத்தியாரும் மாற்றலாகிப் போய்விட்டார். நல்ல மனுஷன், போன இடத்திலிருந்து வட்ஸ்அப் குரூப்பில் பாடத்தைப் பேசி அனுப்புவார். பிள்ளைகள் விடையை எழுதிப் படம் எடுத்துப் போட்டால் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்தப் பாடம் மட்டும்தான் மகளுக்கு வழி.

அதற்காகத்தான் கட்டாரில் இருக்கும் என் தம்பி கொடுத்துவிட்ட பழைய போனை அவளிடம் கொடுத்தேன். மூலையில் கண்ணாடி வெடித்த போன். லயத்துக்குள் சிக்னல் எட்டிப் பார்க்காது. கோவிலுக்குப் பின்னால் மேட்டில் ஒரு பெரிய கல் இருக்கிறது, அதில் ஏறி நின்றால் கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் அவள் அந்தக் கல்லில் இருப்பாள். பிறகு போன் என் அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விடும். இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அவள் ஒருநாளும் மீறியதில்லை.

அதற்கே பேச்சு வந்தது. "பொம்பளப்புள்ள போனும் கையுமா கல்லு மேல ஒக்காந்திருக்கு, பாத்தீங்களா?" யார் சொன்னது தெரியுமா? எங்கள் சுவருக்கு அடுத்த வீடு, பக்கத்துக் காம்பராக்காரர். அவருடைய இரண்டு வயதுப் பிள்ளைக்குப் போனில் ஆட்டம் பாட்டம் ஓடினால்தான் வாய் திறக்கும். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஊட்டுவார், நான் தினமும் பார்க்கிறவள். குழந்தையின் மூக்கு வழிந்து சோற்றோடு சேர்ந்து வாய்க்குள் போகும், அது அவருக்குத் தெரியாது. போனில் ஒரு பருக்கை பட்டுவிட்டால் மட்டும் கட்டியிருக்கிற சாரத்தை இழுத்துப் பளபளவென்று துடைப்பார். சீ! அவர் என் மகளுக்கு ஒழுக்கம் சொல்கிறார்.

சரி, அவரை விடுங்கள். திருவிழா வரப்போகிறது என்று பொம்பளப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கோவில் மண்டபத்தில் ஆடிப் பழகினார்கள். யாரோ ஒருவன் ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் போனில் பிடித்திருக்கிறான். பன்னிரண்டு விநாடிதான். பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். அதற்கு ஒரு கேடுகெட்ட பாட்டைச் சேர்த்து, கீழே அசிங்கமாக இரண்டு வரி எழுதி, வட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். அது தோட்டம் தோட்டமாகச் சுற்றி டவுனுக்கே வந்துவிட்டது.

எனக்கும் வந்தது. கடையில் தேத்தண்ணி குடிக்கிற நேரம். பார்த்தேன். "கருமம், கருமம்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டவள் அதோடு நிறுத்தினேனா? மொனராகலையில் இருக்கிற என் அக்காவுக்கு அனுப்பினேன். கூடவே குரலிலும் பேசி அனுப்பினேன்: "பாருக்கா, புள்ளைங்க ஆடுற ஆட்டத்த! பெத்தவங்க என்னத்த வளத்தாங்களோ. ஒம் மகள கொஞ்சம் பாத்துக்க." அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மெஷினில் போய் உட்கார்ந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பீலியில் தண்ணி பிடிக்கும்போது ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கடைசியில மஞ்ச சட்ட போட்டு நிக்கிறது ஒங்க புள்ளதானே?"

வாளியை வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் சட்டை. கடையில் மிஞ்சின துணியைக் கேட்டு வாங்கி நானே தைத்தது. கைக்குத் துணி பத்தாமல் வேறு நிறத்தில் பட்டி வைத்திருந்தேன். அதுகூடத் தெரிந்தது. என் மகளையும் என் தையலையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை, ஊரான் பிள்ளை என்று நினைத்துத் திட்டிவிட்டு அனுப்பியிருக்கிறேன். அங்கேயே என் போனில் இருந்ததையெல்லாம் அழித்தேன். அழித்தால் போய்விடும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். எங்கள் தோட்டத்தில் எந்த வில்லங்கமும் தலைவர் முன்னால்தான் தீரும். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோவிலுக்கும் அவர்தான். எடுத்தவன் யார் என்று கேட்பார்கள், அவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்பார்கள் என்று நம்பிப் போனேன். ஒரு வாய்கூட அதைக் கேட்கவில்லை.

"பொம்பளப் புள்ளைங்க கையில போன் இருக்கிறதாலதான் இந்தக் கேடெல்லாம்" என்றார் தலைவர். "பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் எந்தப் பொம்பளப் புள்ளையும் போனத் தொடக்கூடாது. தாய்மாரு கூட்டிட்டு வந்து, அம்மனுக்கு முன்னால சூடத்த அணைச்சு சத்தியம் பண்ண வைக்கணும்."

முதல் ஆளாக எழுந்தது என் கணவர். "தலைவர் சொல்றது சரிதாங்க. எம் மகளே மொத ஆளா பண்ணட்டும்."

ஆடினது கோவில் மண்டபத்தில், எடுத்தது எவனோ ஒருவனின் போனில். இதில் என் மகளுடைய வெடித்த போன் எங்கே வந்தது? அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மகள் பெயர் கெட்டுவிடும், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற பயம் வாயை அடைத்துவிட்டது. தட்டில் சூடம் எரிந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டின் பக்கம் கொண்டுபோனேன். "அணைம்மா" என்றேன். அவள் உள்ளங்கையை வைத்து அணைத்தாள். கை கறுத்துப்போனது.

எங்கள் பிள்ளைகளுக்குச் சூடம் விளையாட்டில்லை. அணைத்துச் சொன்னால் சொன்னதுதான். மகள் கல்லுக்குப் போவதை நிறுத்தினாள். பழைய கொப்பிகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். வாத்தியார் புதுப் பாடம் அனுப்பிக்கொண்டே இருந்தார், கூடப் படிக்கிற பையன்கள் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பையன்களுக்குத்தான் சூடமும் இல்லை, சத்தியமும் இல்லையே! பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு நானே போனை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"நான் கையில புடிச்சிக்கிறேன். நீ தொடவேணாம். கேளு, போதும்."

"வேணாம்மா."

"பரீட்ச வருதுடி!"

"சூடத்த அணைச்சிட்டேன். நீங்கதானே கையப் புடிச்சு வச்சீங்க."

இன்னும் ஒரு வாரம் கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் கை ஓங்கியும் விட்டேன். அப்போதுதான் அவள் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா ஏன் அணைக்கல?"

"அப்பா எதுக்கு?"

"அத நான் மொதல்ல பாத்ததே அப்பா போன்லதான்மா. சார்ஜ் போடச் சொல்லிக் குடுத்தாரு. பெக்டரி குரூப்புக்கு அனுப்பியிருந்தாரு. சிரிக்கிற மூஞ்சி மூணு போட்டு."

தூ! வேறு என்ன சொல்ல? நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவுக் கையோடு எழுந்து வெளியே போனேன். கணவர் வேலை முடிந்து இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, அந்த வீடியோவ நீங்க அனுப்புனீங்களா?"

"வந்துச்சு, அனுப்புனேன். எல்லாரும்தான் அனுப்புறாங்க. முதுகுதானே தெரியுது, நம்ம புள்ளன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அப்படியென்றால் அடுத்தவன் பிள்ளை என்றால் சிரிக்கலாமா என்று கேட்க வாய் திறந்தேன். என் அக்காவுக்கு நான் பேசி அனுப்பியது ஞாபகம் வந்தது. திரும்பி உள்ளே வந்து மிச்ச மாவைப் பிசைந்தேன். அன்றைக்கு அவர் தின்றுவிட்டு வைத்த தட்டைக் கழுவ எனக்கு அருவருப்பாக இருந்தது. என் தட்டும் பக்கத்தில்தான் கிடந்தது.

அணைத்த இடத்தில்தான் சத்தியத்தைத் திருப்ப முடியும். வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் போனை என் முந்தானையில் முடிந்துகொண்டேன். பூசாரியிடம், "சாமி, எம் மகளோட சத்தியத்த அம்மன் திருப்பி எடுத்துக்கணும், புள்ள படிக்கணும்" என்றேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வாசலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, ஊரு எடுத்த முடிவு. ஒனக்கொண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணா?" என்றார் தலைவர்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்தோ ஆங்காரம் வந்துவிட்டது. பூசாரி கையிலிருந்த தட்டை வாங்கினேன். ஒரு கட்டிச் சூடம் வைத்துப் பற்றவைத்தேன். வாசலில் அவர்கள் நடுவே கொண்டுபோய் வைத்தேன்.

"தலைவரே, எல்லாருக்கும் ஒண்ணுதான். அந்தக் கருமத்தப் பாக்கல, அடுத்தவனுக்கு அனுப்பல, சிரிக்கலன்னு சொல்றவங்க வாங்க. வந்து இத அணைங்க. ஒருத்தர் அணைச்சாலும் எம் மக போனத் தொடமாட்டா. பள்ளிக்கூடத்தவிட்டே நிப்பாட்டிர்றேன்."

"பொம்பள பேசுற எடமா இது?" என்றார் ஒருவர். ஆனால் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் மடியில் இருந்த குழந்தையின் சட்டையைச் சரிசெய்தார். தலைவர் தொண்டையைச் செருமினார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கையை நீட்டவில்லை. என் கணவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். சூடம் புகைந்து புகைந்து எரிந்தது. பதினைந்து இருபது ஆம்பிளைகள், வெட்கங்கெட்ட ஜென்மங்கள், அது எரிவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ அணையேன் தங்கச்சி" என்றார் தலைவர் திடீரென்று. "நீ பாக்கலியா?"

"பாத்தேன்" என்றேன். "நானும் பாத்தேன்."

அனுப்பினேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டேன். பக்கத்தில் மகள் நின்றாள்.

சூடம் தானாக எரிந்து முடிந்தது. பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு, அம்மன் காலடிக் குங்குமத்தை மகள் நெற்றியில் வைத்தார். "போ ஆத்தா, படி. அவ தடுக்கமாட்டா" என்றார். முந்தானையை அவிழ்த்துப் போனைக் கொடுத்தேன். பத்தொன்பது நாளுக்குப் பிறகு அதை அவள் கையில் வாங்கினாள். அப்போதே சிரித்தும் விட்டாள். எனக்கு அழுகை வந்தது.

வெளிச்சம் இன்னும் இருந்தது. இரண்டு பேரும் மேட்டில் ஏறினோம். அவள் கல்லின் மேல் நின்று போனைப் போட்டாள், நான் கீழே உட்கார்ந்தேன். சிக்னல் கிடைத்ததும் டிங் டிங் என்று வந்து விழுந்துகொண்டே இருந்தது. "அம்மா, சாரு பதினோரு பாடம் அனுப்பியிருக்காரு!" என்றாள். வயிறு குளிர்ந்தது எனக்கு.

பிறகு, "அக்காவும் என்னமோ அனுப்பியிருக்கு" என்றாள். மொனராகலையில் இருக்கும் என் அக்காவின் மகளைத்தான் அவள் அக்கா என்பாள். எழுந்து கல்லில் ஏறிப் பிடுங்கலாமா என்று நினைத்தேன். நினைப்பதற்குள் அவள் தட்டிவிட்டாள்.

முதலில் அந்தக் கேடுகெட்ட பாட்டு கேட்டது. பன்னிரண்டு விநாடி. அதன் பின்னால் என் குரல். கடையின் மெஷின் சத்தத்துக்கு நடுவே, தெளிவாக, ஊர்வாயின் அத்தனை ருசியோடும்: "பாருக்கா, புள்ளைங்க ஆடுற ஆட்டத்த! பெத்தவங்க என்னத்த வளத்தாங்களோ..."

கடைசிவரை கேட்டாள். அதன் கீழே அக்கா மகள் எழுதியிருந்ததையும் வாய்விட்டு வாசித்தாள். "ஒங்கம்மாதான் அனுப்புனாங்க. மஞ்ச சட்ட நீதானே?"

நான் தலையைத் தூக்கவில்லை. அவள் அழுவாள், கத்துவாள், போனைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். வாத்தியாரின் குரல்தான் கேட்டது, முதல் பாடம் ஓடத் தொடங்கியது. அதை நிறுத்தினாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றாள். "நான் தனியா இருந்து படிச்சிட்டு வாறேன்."