அண்ணியின் கழுத்து

அண்ணி கரும்புக்கட்டைத் தலையில் வாங்கிக்கொண்டு பலகை வழியாக டிராக்டரில் ஏறியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பொங்கலுக்கு அண்ணியின் அம்மா வீட்டுக்கு, எறையூருக்குப் போயிருந்தோம். வயலில் ஆள் குறைகிறது என்று அவளும் இறங்கிவிட்டாள். பழைய புடவைத் துணியை வளையமாகச் சுருட்டித் தலையில் சும்மாடு, அதன்மேல் கட்டு. பிடிக்கக்கூட இல்லை. கைகள் இரண்டும் வீசி நடக்க, கழுத்து மட்டும் அசையவே இல்லை. இந்தக் கழுத்துக்குச் சிரசாசனம் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

நான் அப்போது அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பெரம்பலூர் போய்க் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே புதன்கிழமை யோகா வகுப்பு. மேடம் சிரசாசனத்தில் பாதிதான் சொல்லித் தந்திருந்தார். முழங்கைகளைத் தோள் அகலத்துக்கு ஊன்றி, மடித்த ஜமுக்காளத்தின்மேல் கையும் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க, காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு தோளைக் காதிலிருந்து விலக்கித் தூக்கிப் பழக வேண்டும். "எடை கையிலதாம்மா. தலை சும்மா தொட்டா போதும்" என்பார். தோள் தாங்கப் பழகிய பிறகுதான் சுவரோரம் காலைத் தூக்க விடுவாராம். எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. வீட்டுச் சுவரோரம் ஒருநாள் நானே தூக்கினேன். நின்றுவிட்டது. அதோடு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை. அம்மா கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தாள். அண்ணன் சிமெண்ட் ஆலையில் காலை ஷிப்டு.

"அண்ணி, நீங்க இன்னிக்கே நின்னுருவீங்க. உங்க கழுத்து இரும்பு."

"உங்க அண்ணனுக்கு வாக்கப்பட்டது பத்தாதா பாப்பா, வவ்வாலுக்கும் வாக்கப்படணுமா?" என்று சிரித்தாள். ஆனாலும் என் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் நான் கேட்டு அவள் மறுத்தது எதுவும் இல்லை.

மேடம் சொன்ன ஜமுக்காளத்தை நான் விரிக்கவில்லை. அண்ணிக்குப் பழக்கப்பட்டதுதானே என்று சும்மாட்டையே தலைக்குக் கீழே வைத்தேன். இதை என் கண்டுபிடிப்பாக மேடத்திடம் காட்டவேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். அவள் காலை உதறித் தூக்க, நான் கணுக்காலைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன்.

"பாப்பா, கை தரையில அழுந்தவே மாட்டேங்குது."

"அப்படித்தான் அண்ணி இருக்கும். பத்து எண்ணுறேன், அசையாதீங்க."

ஆறு எண்ணியபோது அவள் இடுப்பு ஒருபக்கம் முறுக்கியது. கால் என் கையைவிட்டு நழுவ, சரிந்து விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வலது கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றாள். நான் அழ ஆரம்பித்ததும் அவள்தான், "அத்தகிட்ட ஒண்ணும் சொல்லாத. குடத்தோட வழுக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். எனக்கு உடனே அழுகை நின்றுவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் பிசகியிருக்கிறது, ஒரு மாசம் கனம் எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டார். அம்மா பேச ஆரம்பித்தாள். "கட்டுக் கட்டா கரும்பு தூக்குனவளுக்கு நம்ம வூட்டுக் கொடந்தான் கனத்துப்போச்சாம்." பக்கத்து வீட்டு அக்கா வந்தால் அவரிடமும் அதே பேச்சு. யாராவது கூப்பிட்டால் அண்ணி உடம்போடு மொத்தமாகத் திரும்பிப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்த புதன்கிழமை மேடத்திடம், என் தோழி ஒருத்திக்கு இப்படி ஆகிவிட்டது என்றேன்.

"தலையை மட்டும் ஒசத்திட்டா கைக்கு ஏதும்மா வேலை? மொத்த ஒடம்பும் கழுத்துல எறங்கிடும். சொமக்கறப்ப கட்டு ஆடாது. இங்க காலும் இடுப்பும் ஆடுதுல்ல?" என்றவர் என்னையே பார்த்தார். "தோழிக்கா?"

"ஆமாங்க மேடம்."

அந்த வாரக் கடைசியில், சரியாகிறவரை அண்ணி அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா அண்ணனிடம் சொன்னாள். அப்போதுதான் வாயைத் திறந்தேன். சிரசாசனம், சும்மாடு, எல்லாம் நான்தான் என்றேன். அவள் கை அழுந்தவில்லை என்று சொல்லியும் நான் எண்ணிக்கொண்டே இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "படிக்கிற புள்ள, ஏதோ ஆசையில சொல்லியிருக்கு. இவளுக்கு எங்க போச்சு புத்தி? தலைகீழா நில்லுன்னா நின்னுருவாளா?"

எனக்கு வரவேண்டியதும் அவளுக்கே போய்ச் சேர்ந்தது. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அண்ணன் அவளை எறையூரில் விட்டுவிட்டு வந்தான். அங்கே அவள் இன்னும் குடத்துக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். வேலைக்கு வளையாத பெண்ணை வளர்த்துவிட்டதாகச் சம்பந்தி வீட்டில் நினைக்கிறார்களே என்று அவள் அம்மா அழுதாராம். அண்ணன் இதைச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான்.

கழுத்துக்கு இதமாகத் தோளுக்கடியில் துணி மடித்துப் படுக்கும் முறை ஒன்றை மேடம் எழுதித் தந்திருக்கிறார். அந்தத் தாளை எடுத்துப் போகப்போவதில்லை. அண்ணிக்கு நான் எதையும் சொல்லித்தரும் நிலையில் இல்லை. டாக்டர் சொன்னதை அவள் செய்யட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு எறையூர் போகிறேன். அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அண்ணியின் அம்மா முன்னால், அண்ணியும் இருக்கும்போது, ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். அவர் திட்டி முடிக்கிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் அழக்கூடாது. அழுதால் அந்தக் கழுத்தோடு எழுந்து வந்து என்னைத் தேற்றப்போவது அண்ணிதான்.