சேர்மன் பிடித்த கூடை

பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய வயர்கூடை அது. உள்ளே மாற்றுச் சேலை, துண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சீப்பு வாழைப்பழம். குற்றாலத்தில் அதை எங்கள் பேரூராட்சிச் சேர்மன் கையில் பார்த்த காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவர் மனைவியைத் தென்காசிப் பக்கம் எல்லோரும் சேர்மனம்மா என்றுதான் சொல்வோம். அவர்கள் வீட்டு முன்னறையில் மனுக்களை டைப் அடித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆற அமரக் குளிப்பார்கள். பெண்கள் நடுங்கும் பிள்ளையை இடுப்பிலும் வீட்டுத் துணி அத்தனையையும் கையிலும் வைத்துக்கொண்டு கரையில் நிற்பார்கள். பையைக் கீழே வைத்தால் குரங்கு கொண்டுபோய்விடும். கடைசியில் அவர்களுக்கு வாய்ப்பது தலையை நனைத்துவிட்டு ஓடிவரும் குளியல்தான். நானே ஒரு வருடம் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இடமில்லாமல், நின்றிருந்த வேனுக்குள் ஒளிந்து கொடுத்தபடி முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அதைச் சேர்மனம்மா பார்த்துவிட்டார்.

அன்று பிடித்த பிடி. உடை மாற்ற, பால் கொடுக்க, பைகளைப் பூட்டிவைக்க அருவிப் பக்கம் ஓர் அறை வேண்டும் என்றார். சேர்மனோ அந்த இடத்தைக் கட்சிக்காரர் ஒருவருக்குச் சிப்ஸ் கடை போட வாக்குக் கொடுத்திருந்தார். "பொம்பளைங்க பையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கது புதுசா? அதுக்கொரு கட்டடமா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அம்மா காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அருவிக்கரையில் சீசன் தொடக்க விழா வந்தது. மாலை மரியாதை முடிந்து, வெள்ளை வேட்டியும் சட்டையுமாக ஆட்கள் சூழ நின்ற சேர்மனிடம் அம்மா போனார். "இதைக் கொஞ்சம் பிடிச்சிக்கிடுங்க, குளிச்சிட்டு வாரேன்" என்று கூடையை நீட்டினார். ஊர் பார்க்க மறுக்கவா முடியும்? வாங்கிக்கொண்டார். அம்மா குளித்தார், குளித்தார், அப்படிக் குளித்தார். சேர்மன் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். கட்சிக்காரர் ஒருவர் கூடையை வாங்க வந்தபோது பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "அவரே பிடிக்கட்டும், அண்ணாச்சி" என்றது. அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு வேட்டியைப் பற்றி ஏறிப் பழத்தோடு போயிற்று. கரையே சிரித்தது. பழத்தை மேலாக வைத்தது தற்செயல்தானா என்று நான் அம்மாவைக் கேட்டதில்லை. சொட்டச் சொட்ட வந்தவர், "கை கடுக்குதோ?" என்று மட்டும் கேட்டார்.

பெண் கையில் இருக்கும்வரை பாரம் யார் கண்ணுக்கும் படுவதில்லை போலும். சேர்மனும் கல்நெஞ்சர் அல்லர். சிப்ஸ் கடை வேறிடம் போனது, அறை வந்தது.

அன்று வேனுக்குள் பால் குடித்த என் மகள், போன சாரலில் அதே அறையில் உட்கார்ந்து தன் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். வாசல் கல்வெட்டில் சேர்மன் பெயர் பெரிதாக இருக்கிறது. அம்மா பெயர் எந்த மூலையிலும் இல்லை.

"இவரு யாரும்மா?" என்று மகள் அந்தப் பெயரைக் காட்டிக் கேட்டாள்.

"எங்க சேர்மனம்மா குளிச்சிட்டு வார வரைக்கும் கூடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னவரு" என்றேன்.