அம்மாவின் ஒப்பாரிக்குப் போட்ட பூட்டு

அந்தப் பட்டையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கைப்பேசியில் என் இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும், உலாவி மேலே ஒரு பட்டையை நீட்டி, இது தமிழில் இருக்கிறது, மலாயில் மாற்றித் தரவா என்று கேட்கும். யார் இதனிடம் கேட்டது? தமிழ் தெரிந்தவர்கள் படிக்கட்டும் என்றுதானே எழுதினேன்.

அந்தப் பக்கத்தில் அம்மா வாய் ஓயாமல் சொல்வதையெல்லாம் வாராவாரம் எழுதிப் போட்டுவந்தேன். கோலசிலாங்கூர் தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரிடம் வாயாடி வாங்கிக் கட்டிக்கொண்டது, கோழி திருடிய பக்கத்து வீட்டுக்காரியைக் கையும் களவுமாகப் பிடித்தது, இப்படி. ரவாங்கிலும் புக்கிட் செந்தோசாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அவ்வளவுதான் அதன் உபயோகம்.

அப்பா போன வருஷம் தவறிப்போனார். சாவு வீட்டில் அம்மா பாடிய ஒப்பாரியைச் சித்தி மகள் பதிவுசெய்து வைத்திருந்தாள். "பெரியம்மா பாடுனதைக் கேட்டா இப்பவும் எனக்கு அழுகை வருதுக்கா, அதையும் போடுலா" என்றாள். முதல் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு, ஒரு வரி விடாமல் எழுதிப் போட்டேன்.

ஒப்பாரியில் யாரும் தப்ப முடியாது. அழுகிறவள் டாக்டரைத் திட்டுவாள், சாமியைத் திட்டுவாள், என்னை விட்டுவிட்டு எப்படிப் போனாய் என்று செத்தவரையே திட்டுவாள். யார் நன்றாகப் பார்த்துக்கொண்டார்களோ அவர்களுக்குத்தான் முதல் அடி. ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கி எழுந்தவள் நான். என்னைப் பார்த்து, பெத்த பொண்ணு எட்டிக்கூடப் பாக்கலையே என்று பாடினாள் அம்மா. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். உறைக்கவே இல்லை. எங்கள் வீடுகளில் அழுகிற விதம் அதுதான்.

அடுத்தது மருமகள். என் தம்பி கட்டியிருப்பது செகிஞ்சானில் நெல் வயல் வைத்திருக்கும் குடும்பத்துச் சீனப் பெண்ணை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது மீன் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு காரில் வருவாள். அப்பா முகத்தைத் திருப்பினால், "அப்பா, கொஞ்சம் சாப்பிடு" என்று தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் செலவழித்து ஊட்டிவிட்டுத்தான் போவாள். அவளைத்தான் அம்மா பாடினாள்.

"வந்த மருமக கையால ஒரு வாய்க் கஞ்சி காணலையே
வாசல் மிதிச்ச நாள்முதலா வெளக்கு நின்னு எரியலையே"

ஒரு சனிக்கிழமை தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, அம்மா பாட்டைப் போட்டியா?"

"ஆமா. ஏன்?"

"அவ படிச்சிட்டா. மலாய்ல."

"டேய், அது ஒப்பாரிடா. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்லா. அவளுக்கு எப்படிக்கா சொல்றது? நான் பக்கத்துல உக்காந்து அம்மா முதுகைத் தடவிக்கிட்டு இருந்தேனே, அப்ப என்னைத்தான் திட்டிக்கிட்டு இருந்தாங்களான்னு கேக்குறா. திதிக்கு வரமாட்டேன்னுட்டா."

போனை வைத்துவிட்டு நானும் அந்தப் பட்டையை அழுத்திப் பார்த்தேன். எங்கேயாவது தப்பு இருக்காதா, மெஷின் மேல் பழியைப் போட்டுவிடலாமே என்று ஓர் ஆசை. மற்ற கதைகளை எல்லாம் கண்டபடி கொத்திக் குதறியிருந்தது. பாழாய்ப் போனது, இந்த இரண்டு வரியை மட்டும் பிசகில்லாமல் மாற்றியிருந்தது.

உலாவி இப்படி வாயைத் திறக்காமல் இருக்க என்ன செய்வது என்று தேடினேன். பக்கத்தின் தலைப்பகுதியில் மொழிபெயர்க்காதே என்று ஒரு கட்டளை போட்டால் பட்டை வராதாம். போட்டேன். வரவில்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். திங்கட்கிழமை ரவாங் ஆபீசில் கூட வேலை செய்கிற பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அக்கா, எல்லா போனும் அதைக் கேக்காதுலா. அப்படியே கேட்டாலும், படம் புடிச்சுக் குடுத்தா எழுத்தைப் படிச்சு மாத்திக் குடுத்துடும்." சரி, ஓட்டைப் பானைக்குத்தான் மூடி போட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. என் மருமகளையா, நானா திட்டினேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பாடினது ஒன்றும் அவளுக்கு ஞாபகம் இருக்காது.

நேரே பார்த்துப் பேசிவிடலாம் என்று செகிஞ்சானுக்குப் போனேன். தம்பி மனைவி முகம் கொடுத்துத்தான் பேசினாள், தேநீரும் போட்டுக் கொடுத்தாள். எங்களுக்குள் எப்போதும் மலாய்தான். ஒப்பாரி என்றால் என்ன என்று மலாயில் சொல்லத் தொடங்கினேன். வழக்கம் என்றேன், துக்கம் என்றேன், மனதில் இல்லாதது வாயில் வரும் என்றேன். நான் சொல்வது எனக்கே சப்பைக்கட்டாகக் கேட்டது.

"எங்க வீட்டுலயும் சத்தம் போட்டு அழுவோம் அக்கா," என்றாள். "ஆனா பக்கத்துல இருக்கறவங்களைத் திட்டமாட்டோம்."

பிறகு கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். என் பக்கம் திறந்திருந்தது. பட்டை இல்லை, வெறும் தமிழ்.

"வாராவாரம் படிப்பேன். அம்மா சின்ன வயசுல எப்படி இருந்தாங்கன்னு இதுலதான் எனக்குத் தெரியும். இப்ப மூடிட்டீங்க. இன்னும் என்ன எழுதியிருக்கு அதுல?"

ஐயோ என்றிருந்தது எனக்கு. ஒன்றும் இல்லை, சத்தியமாக ஒன்றும் இல்லை என்றேன். அங்கேயே அந்தக் கட்டளையை எடுத்துவிட்டேன். பட்டை திரும்ப வந்து, மாற்றித் தரவா என்று கேட்டது. அவள் அதைத் தொடவில்லை.

"நீங்களே படிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புறேன்."

படித்தேன். தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி. அவளைப் பாடிய இடம் வந்தது. மாற்றிச் சொல்லிவிடலாம். ஆனால் முன்பே படித்தவளிடம் எதை மாற்றிச் சொல்வது? கொஞ்சம் மென்மையாகச் சொல்ல வார்த்தை தேடினேன். கடைசியில் மெஷின் சொன்னதேதான் என் வாயிலிருந்தும் வந்தது.

"அதேதான்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திதிக்குத் தம்பி மட்டும் வந்தான். அம்மா வாசலில் நின்று காருக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"எங்கடா என் மருமக?"

தம்பி என்னைப் பார்த்தான். "அதுக்கு உடம்பு முடியலையாம்மா," என்றேன் நான்.

"அட கடவுளே! முன்னாடியே சொல்லக்கூடாதா? படையல் முடிஞ்சதும் என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் போய்ப் பக்கத்துல இருந்தா அதுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, மாற்றுப் புடவை எடுக்க உள்ளே போனாள் அம்மா.