முதல் வாய் மதினிக்கு

எங்கள் அடுப்படி உறியில் ஒரு மண்கலயம் இருக்கிறது. உள்ளே பூசிய சுண்ணாம்பு காய்ந்து வெடித்துப் போயிருக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் யாராவது அதைத் தூக்கிப் போடட்டுமா என்று கேட்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அது என் மதினி வைத்துவிட்டுப் போன கலயம்.

அண்ணன் தங்கமான மனுஷர். பொழுது சாய்ந்தால்தான் வேறு ஆள். மதுவிலக்கெல்லாம் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. தென்காசியில் கள்ளுக்கடையைத் தாண்டாமல் வீட்டுக்கு வர வழியில்லை என்பார். வழி இருந்தது, கால்தான் போகவில்லை. மதினி அச்சன்புதூர்க்காரி. அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். சாரல் நாளில் வாய்க்காலில் விழுந்து கிடந்த அண்ணனை நானும் அவளும் தூக்கி வந்தோம். அன்று அவள் அழவில்லை. "எங்க அப்பாவைக் கள்ளுக்குக் குடுத்தாச்சு. இவுகளக் குடுக்க மாட்டேன் தம்பி" என்றாள். சொன்ன விதத்தில் எனக்கே பயமாக இருந்தது.

அந்தச் சாரலிலேயே ஐந்தருவிக்குக் குளிக்கப் போனபோது, அங்கே பலாச்சுளை விற்றவளிடம் பேச்சுக் கொடுத்து ஒரு சங்கதியைப் பிடித்து வந்தாள். அவள் புருஷன் பனையேறி. குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைக்கும் நேரத்தில் கூடுகிறார்களாம், அவனும் போகிறானாம். "போங்கன்னா போவாகளா? நீயே கூட்டிட்டுப் போ" என்றாளாம் பலாச்சுளைக்காரி. கூடுகிற இடத்தைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நிறுவைக் கணக்குப் பார்த்த வெல்ல மண்டியின் பின்கட்டு அது. ஏதோ பஜனை கோஷ்டி என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் வரமாட்டேன் என்று முறுக்கினார். மதினி வாதாடவில்லை, செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றாள். மொட்டைக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, கடை இல்லாத தெருவாக அவரை நடத்தி வந்தாள். ஆண்கள் உள்ளே, அவள் வெளியே வெல்ல மூட்டைமேல். உள்ளே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள்; மண்டிக் கணக்கை முடித்துவிட்டு நானும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். உபதேசம் கிடையாது. போன கூட்டத்துக்குப் பிறகு எப்படித் தாக்குப்பிடித்தேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். தவறிப்போனவனும் சொல்ல வேண்டும். அண்ணன் முதல் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, "இன்னிக்குக் கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்" என்றார். யாரும் கைதட்டவில்லை. பக்கத்திலிருந்த வண்டிக்காரர் அவர் தொடையைத் தட்டிக் கொடுத்தார்.

பங்குனி பிறந்ததும் பனையேறி பதநீர் கொண்டுவர ஆரம்பித்தான். கூட்டம் முடிந்ததும் பனையோலையில் மடித்த பட்டையில் ஆளுக்கு ஒரு பட்டை. கலயத்தில் சுண்ணாம்பு சரியாகப் பூசாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஆகவே யாராவது முதலில் ருசி பார்க்க வேண்டும். கள்ளை நன்றாகத் தெரிந்த நாக்கு யாருடையது என்று யோசித்து, ஏகமனதாக அண்ணனை நியமித்தார்கள். குடிகாரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

சித்திரையில் பனையேறிக்குக் காய்ச்சல். அவன் மச்சினன் இறக்கிய கலயத்தில் சுண்ணாம்பு இல்லை. அண்ணன் ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வாய் குடித்தார். எங்களுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாலைந்து பேருடைய கண் கலயத்தின் மேல்தான் இருந்தது.

வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மதினி உள்ளே வந்தாள். அண்ணன் கையிலிருந்த பட்டையை வாங்கினாள், கலயத்தைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, "ரெண்டாவது வாய் எதுக்குக் குடிச்சிய?" என்று கேட்டாள். மதினி வெளியே போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பழைய போலீஸ் ஏட்டு ஒருவர், "இங்கன பொம்பளையாளு உக்காரப்பிடாது தாயி" என்றார்.

"அப்ப யாரு ருசி பாக்கதாம்? உங்க நாக்கையா நம்பச் சொல்லுதிய அண்ணாச்சி? கள்ளு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. புளிச்சா துப்பிருவேன். அது போதும்."

ஏட்டு நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். அடுத்த செவ்வாய் அண்ணன் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரியா?" என்று அவளைக் கேட்டார்.

அன்று முதல் பதநீர் வந்தால் முதல் வாய் மதினிக்குத்தான். கொஞ்ச நேரம் நாக்கில் வைத்திருப்பாள். "குடிக்கலாம்" என்பாள். அதே பட்டையை அண்ணன் வாங்கிக் குடிப்பார். புருஷன் சாப்பிட்ட இலையில் பெண்டாட்டி சாப்பிடுகிற வீடு எங்களுடையது. பெண்டாட்டி எச்சிலைக் குடிக்கிறான் என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் கள்ளுக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் ஒருதடவை தவறினார், அதையும் கூட்டத்தில் சொன்னார். அதற்குப் பிறகு தவறவே இல்லை.

பல வருஷம் கழித்து அண்ணன் படுக்கையில் விழுந்ததும் பங்குனியில்தான். பால் ஊற்ற நாங்கள் சுற்றி நின்றோம். அவர் பால் வேண்டாமென்று தலையசைத்துப் பதநீர் கேட்டார். ஓடிப்போய்க் கலயத்தோடு வாங்கி வந்தேன். கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனேன், உதட்டை இறுக்கிக்கொண்டு மதினியைப் பார்த்தார். அவள் கரண்டியை என்னிடமிருந்து வாங்கி ஒரு வாய் குடித்தாள். வழக்கம்போல நாக்கில் வைத்திருந்தாள்.

"குடிக்கலாம்" என்றாள். அண்ணன் வாயைத் திறந்தார்.

அந்தக் கலயம்தான் உறியில் இருக்கிறது.