இடது கையில் எலுமிச்சை, வலது கையில் ஆரஞ்சு

போன ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் நட்ட நடு ரோட்டில் நின்று, கஸ்தூரியின் கைகளை மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தேன். போகிற வருகிறவர்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே... சரி, விடுங்கள்.

கஸ்தூரி எங்கள் பழவேற்காடு ஏரியில் இறங்கி, வலை இல்லாமல் கையாலேயே இறால் பிடிப்பவள். வயது நாற்பத்தொன்று. கணவர் இறந்து ஆறு வருடம். அன்றைக்கு ஒரு ஜூஸ் கடையில் சேகர் என்பவரைச் சந்திப்பதாக ஏற்பாடு. எளாவூரில் டீக்கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பேச்சுதான். மூன்று மாதமாக போனில் பேசுகிறார்கள். நேரில் இதுதான் முதல் தடவை. துணைக்கு நான்!

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அவளுக்கு உதறல்.

"அக்கா, எத்தினி சோப்பு போட்டாலும் இந்தக் கையில இறால் வாடை போவ மாட்டேங்குது. அந்தாளு மட்டும் மூஞ்ச சுளிச்சாரு... அப்படியே பஸ் ஏறிடுவேன், ஆமா."

பெயரிலேயே வாசனை வைத்திருப்பவளுக்கு வந்த கவலையைப் பாருங்கள்! ஆனால் அவள் சொன்னால் செய்துவிடுவாள். நேராக ஒரு சென்ட் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

வெயிலுக்கு ஏற்றதாக வேண்டும் என்றதும் கடைக்காரப் பெண் இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தாள். ஒன்று எலுமிச்சை. ஒன்று ஆரஞ்சு.

"ஆளுக்கு ஆள் வாசம் மாறும்க்கா. கைக்கு ஒண்ணா அடிச்சிக்கினு கொஞ்ச நேரம் வெயில்ல நடந்துட்டு வாங்க. அப்பால முடிவு பண்ணுங்க."

இடது மணிக்கட்டில் எலுமிச்சை, வலதில் ஆரஞ்சு. நடந்தோம்... முகர்ந்தோம்... மறுபடியும் நடந்தோம்.

"எலுமிச்சைதான்டி. ஜில்லுனு இருக்கு" என்றேன்.

"பாத்திரம் வெளக்குற சோப்பு மாரி கீதுக்கா!"

"ஆரஞ்சு மட்டும்? மிட்டாய் மாதிரி இருக்கு."

"மிட்டாய் மாரி இருந்தா இன்னா, கசக்குதா?"

பூக்காரம்மாவிடம் கைகளை நீட்டினோம். அவர் ஓட்டு எலுமிச்சைக்கு. வெள்ளரிக்காய் விற்றவர் இரண்டையும் நிதானமாக முகர்ந்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் ரோட்டில் இப்படியா சிரிப்பது? இப்படித்தான்!

"கஸ்தூரிங்களா?"

திரும்பினால் சேகர்! சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

ஜூஸ் கடையில் உட்கார்ந்ததும் கஸ்தூரி இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். சாத்துக்குடி ஜூஸை ஸ்ட்ராவிலேயே எட்டிக் குடித்தாள். அவரோ கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு விஷயம் போன்ல சொல்லல... மறைக்கக் கூடாது இல்ல? முன்ன ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுலேந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது. பால் அடிபுடிச்சாக்கூட தெரியாது. டீக்கடைக்காரனுக்கு இப்படி ஒரு குறை... உங்களுக்குப் பரவால்லியா?"

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவுதான் — ஜூஸ் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தாள். பாவம், மனிதர் மிரண்டே போனார்.

"பரவால்லீங்க! ரொம்பவே பரவால்ல!" என்று கைகளைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். நடந்த கதையை நான்தான் சொன்னேன். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்து, அவர் எளாவூருக்குக் கிளம்பினார். நான் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்க, கஸ்தூரி விறுவிறுவென்று சென்ட் கடைக்குள் நுழைந்து ஆரஞ்சு பாட்டிலை வாங்கினாள்.

"அவருக்குத்தான் வாசனையே தெரியாதேடி! அப்புறம் யாருக்கு இது?"

"இன்னாக்கா இப்படிக் கேட்டுட்ட? எனக்கு மூக்கு இல்ல?"

எலுமிச்சையை நான் வாங்கிக்கொண்டேன்.